குதிரை இறங்கிய வழி

கடைக்கு வருகிறவர்கள் அவளைப் பூனை என்பார்கள். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. சேணமும் லாடமும் கயிறும் விற்கிற கடை. அதன் பின்பக்கத்து அறையில் மலைச் சவாரிக்காரர்களுக்கான வரைபடங்கள் தயாராகும். அவள் இடம் அங்கே, ஜன்னலுக்கு முதுகு காட்டிய மேசை.

பள்ளிக்கூடத்தை அவள் பாதியில் விட்டவள். படிப்பு வராமல் இல்லை. எழுந்து நின்று பதில் சொல் என்றால் எழவே மாட்டாள். ஒருநாள் போகாமல் இருந்தாள், மறுநாளும் போகவில்லை, வீட்டில் ஓய்ந்துபோய் விட்டுவிட்டார்கள். கடைக்கு முதலில் வந்தது கூட்டிப் பெருக்கவும், அச்சாகி வரும் தாள்களை மடிக்கவும்தான். கடைக்காரரின் மகள் கல்யாணமாகிப் போனபின் கணினி தூசி படிந்து கிடந்தது. "தொட்டுத்தான் பாரேன், கடிக்காது" என்றார் கடைக்காரர். தொட்டாள். அதிலேயே நின்றுவிட்டாள்.

அரசாங்கத்து வரைபடங்கள் பழையவை. வெள்ளம் அடித்துக்கொண்டு போன பாலங்கள் அவற்றில் இன்னும் நிற்கும், புதர் மூடிய பாதைகள் பளிச்சென்று ஓடும். கடைக்காரர் எங்கெங்கோ அலைந்து, மூடப்போகிற அலுவலகங்களிலும் பழைய பேப்பர் கடைகளிலும் அந்தத் தாள்களைத் தேடி வாங்கி வருவார். அவள் அவற்றைப் படியெடுத்து, ஒன்றோடொன்று ஒட்ட வைத்து, அவற்றின் மேல் புதிய உயரக்கோடுகளைப் போடுவாள். கோடுகளைக் கணினியே வரைந்துவிடும். கோடுகள் விலகி இருந்தால் சாய்வு குறைவு, நெருங்கினால் செங்குத்து. ஆனால் அந்தச் சாய்வில் குதிரை கால் வைக்குமா என்பது கணினிக்குத் தெரியாது.

அதற்குத்தான் சவாரிக்காரர்கள். ஆளுக்கொரு ஜிபிஎஸ் கருவியைச் சேணப் பையில் போட்டுக்கொண்டு மலைக்குள் போய்வருவார்கள். அவர்கள் போன வழியைக் கருவி கோடாகச் சேர்த்து வைத்திருக்கும். அந்தக் கோடு அப்படியே வரைபடத்தில் ஏறாது. குதிரை நின்ற இடத்திலெல்லாம் கருவி தடுமாறி, இங்கே இருக்கிறேன், இல்லை அங்கே இருக்கிறேன் என்று புள்ளி புள்ளியாகக் கிறுக்கி, நூல் சுருண்டதுபோல் ஒரு சிக்கல் உண்டாகும். அதைச் சிக்கு என்பார்கள். சிக்கை வளைத்துப் பிடித்து அழித்துவிட்டு, மிச்சக் கோட்டை நேராக்குவது அவள் வேலை. சாப்பிட நின்ற சிக்கு எது, தூங்கிய சிக்கு எது, குதிரை முரண்டு பிடித்த சிக்கு எது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

"நான் எந்தப் புதர்ல ஒதுங்கினேன்னுகூட இந்தப் பூனைக்குத் தெரியும்பா" என்பான் நெட்டை. சவாரிக்காரர்களில் வாய் நீளம் அவனுக்கு. "வெளிய சொல்லிடாத தாயி, எனக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு இருக்காங்க."

அவள் திரையைப் பார்த்தபடியே சிரிப்பாள்.

அதிகமாகச் சவாரி போனது அவளுடைய அண்ணன். அவன் குதிரைக்கு அவன் வைத்த பெயர் சோம்பேறி. மலைக்கு மேலே ஒரு புல்வெளி இருந்தது. உயரக்கோடுகள் அங்கே தாராளமாக விலகிக் கிடக்கும், நடுவில் ஒரு குட்டை நீலமாகத் தெரியும். இந்தப் பக்கத்திலிருந்து குதிரையை அங்கே ஏற்ற வழியில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அண்ணனுக்கு மட்டும் அது தெரிந்த விஷயமாக இல்லை. "நீ கோடு போடு, நான் ரோடு போடறேன்" என்று தங்கையிடம் சொல்லிவிட்டு, மழை நின்றதும் தனியாகக் கிளம்பினான்.

குதிரை மட்டும் வந்தது. சேணம் வயிற்றுக்குக் கீழே சரிந்து தொங்க, கடிவாள வார் அறுந்து தரையில் இழுபட, லாயத்து வாசலில் வந்து நின்றது.

நெட்டையும் மற்றவர்களும் போய்த் தேடி, பாறைச் சுவரின் அடியில் அண்ணனைக் கண்டெடுத்து வந்தார்கள். கடைசி ஏற்றத்தில் அவன் இறங்கி, குதிரையைக் கையில் பிடித்து நடத்தியிருக்கிறான். காலடி மண் சரிந்திருக்கிறது. குதிரை எட்டிப் பாய்ந்து மேலே ஏறிவிட்டது, அவன் கீழே போய்விட்டான். குளம்புத் தடங்களைப் பார்த்து அவர்கள் சொன்னது இவ்வளவுதான்.

அதெல்லாம் அவளுக்குப் பக்கத்து வீட்டில் நடப்பதுபோல் இருந்தது. வந்தவர்களுக்கு நாற்காலி போட்டாள், டீ போட்டாள், டம்ளர் கழுவினாள். "வாய்விட்டு அழுதுடும்மா, மனசுல வெச்சுக்காத" என்று யார் யாரோ தோளைத் தடவினார்கள். வைத்துக்கொள்ள ஒன்றும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. கழுவிய டம்ளர்களை மறுபடியும் கழுவினாள்.

வேலைக்குத் திரும்பிய அன்று காலை, வாசல் வரை வந்து அண்ணி ஜிபிஎஸ் கருவியை நீட்டினாள். சேணப் பையில் இருந்தது.

"இதுல அவரு போன வழி இருக்கும்ல?"

"இருக்கும் அண்ணி."

"மேப்புல போடு. அவரு போனது வீண் இல்லன்னு நாலு பேருக்குத் தெரியட்டும். நான் வேற எதுவும் கேக்கல."

கடைக்காரருக்கும் அதுதான் ஆசை. புதிய வரைபடம் அச்சுக்குப் போகிற சமயம். புல்வெளிக்கு வழி என்று ஒரு கோடு இருந்தால் சவாரிக்காரர்கள் அள்ளிக்கொண்டு போவார்கள். "அவனுக்கும் ஒரு மரியாதை மாதிரி இருக்கும்" என்றார்.

அவள் கருவியைக் கணினியில் சொருகினாள். திரையில் அண்ணன் ஏறினான். ஓடையோரம், மரங்களுக்குள், பிறகு சரிவில் வளைந்து வளைந்து. புல்வெளிக்குக் கீழே உயரக்கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, தனித்தனியாகத் தெரியாமல் ஒரே பழுப்புப் பட்டையாக இருந்தன. அண்ணனின் கோடு அந்தப் பட்டைக்குள் நேராகப் புகுந்தது. மேல் விளிம்பில் ஒரு சிக்கு. அவள் இதுவரை பார்த்ததிலேயே பெரிய சிக்கு. குதிரை அங்கே நின்றிருக்கிறது, ராத்திரி முழுக்க.

பிறகு கோடு புறப்பட்டது. வந்த வழியில் திரும்பவில்லை. புல்வெளியைக் கடந்து, குட்டையைத் தொட்டு, தெற்கே எவருக்கும் தெரியாத ஓர் இடுக்கில் நுழைந்து, உயரக்கோடுகள் அகலமாக விலகியிருந்த இடமாகப் பார்த்துப் பார்த்து இறங்கி, வீடு வந்து சேர்ந்தது. அண்ணன் தேடிய வழி அதுதான்.

கை தன்பாட்டுக்கு வேலையைத் தொடங்கியது. சாப்பிட்ட சிக்கை எடுத்தாள். குதிரைக்குத் தண்ணீர் காட்டிய சிக்கை எடுத்தாள். விளிம்புச் சிக்கையும் எப்போதும்போல் வளைத்துப் பிடித்து விசையை அழுத்தினாள். அது போய்விட்டது. அழுத்தியது பிறகுதான் உறைத்தது. திரும்பக் கொண்டுவரலாம், ஒரு விசைதான். அவள் கொண்டுவரவில்லை. ஏன் என்று தனக்கே தெரியவில்லை.

எழுந்து முன்பக்கம் போனாள். கடைக்காரரும் நெட்டையும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவளாக முன்பக்கம் வருவது வழக்கமில்லை.

"ஏறின வழி வேண்டாம்" என்றாள். "எறங்கின வழி மட்டும் போடலாம்."

"உங்க அண்ணி கேட்டாங்களேம்மா."

"ஏறினா விழுவாங்க."

"ஆபத்தான வழின்னு ஓரத்துல ஒரு குறிப்புப் போட்டுட்டா?"

"அப்படிப் போட்டா மொதல்ல அங்கதான் போவாங்க."

"உண்மைதான்" என்றான் நெட்டை. "நானே போவேன்."

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. "அண்ணிகிட்ட நீயே சொல்லிடு தாயி. என்னால ஆகாது. அவங்க ஒத்துக்கிட்டா சரி. இல்லன்னா அவங்க கேட்டபடி போட்டுத்தான் ஆகணும்."

அன்று சாயங்காலம் அண்ணி சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் அவளைக் கண்டால், "வாங்க மகாராணி, முத்து உதிர்க்க வந்தீங்களா" என்று வம்புக்கு இழுப்பாள். இப்போது நிமிரவில்லை.

"போட்டியா?"

"எறங்கின வழி மட்டும் போடலாம்னு சொல்லியிருக்கேன் அண்ணி."

கத்தி நின்றது. "எறங்கினது அவரு இல்லயே."

"இல்ல."

"குதிரை."

"ஆமா."

"அப்போ மனுஷன் ஏறினதுக்கு ஒண்ணும் கிடையாது. நாலு காலு எறங்கி வந்ததுக்குக் கோடு." அண்ணி திரும்பினாள். கண்ணில் நீர் வழிந்தது, வெங்காயத்தாலா என்று சொல்ல முடியாது. "உன் கூடப்பிறந்தவர்தானே? உனக்கு ஒண்ணுமே ஆகலயா? அன்னைக்குக்கூட டம்ளர் கழுவிக்கிட்டு நின்ன. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

அவள் காலி டப்பாவுக்குள் கைவிட்டுத் துழாவுவதுபோல் தனக்குள் தேடிப் பார்த்தாள். ஒன்றும் கையில் தட்டுப்படவில்லை. தெரிந்ததைச் சொன்னாள்.

"நாம கோடு போட்டா அது வழின்னு நம்பிடுவாங்க அண்ணி. அண்ணன் நான் போட்ட கோட்ட ஒருதரம்கூடச் சந்தேகப்பட்டதில்ல. இருட்டுலகூட அத நம்பிப் போயிருக்கு. யாரோ ஒருத்தன் அதே மாதிரி நம்பி ஏறுவான். அந்த எடத்துல ஏற முடியாது. அண்ணனால முடியாததுதான் அது."

அண்ணி மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு கத்தியை எடுத்து மிச்ச வெங்காயத்தை நறுக்கினாள். "என்னமோ பண்ணு" என்றாள்.

அதன்பின் நேராகப் பேச்சு நின்றுபோனது. "குதிரைக்குத் தண்ணி வைக்கணும்" என்று அண்ணி சுவரைப் பார்த்துச் சொல்வாள். அவள் போய் வைப்பாள். "சோறு ஆறுது" என்பாள் ஜன்னலிடம். அவள் வந்து உட்காருவாள். இருவரும் எதிரெதிரே சாப்பிடுவார்கள்.

மனிதர் ஏறிப் பார்க்காத வழியைக் கடைக்காரர் அச்சுக்கு அனுப்பமாட்டார். நெட்டை வீட்டுக்கு வந்து சோம்பேறியை இரவல் கேட்டான். "அது வந்த வழி அதுக்குத்தான் தெரியும் அண்ணி."

"கேக்கறதுக்கு என்ன இருக்கு. கட்டிப்போட்ட எடத்துல தின்னுக்கிட்டுத்தான் கெடக்கு" என்றாள் அண்ணி. ஆனால் சேணப் பட்டையை இழுத்துப் பார்த்து, ஒரு துளை இறுக்கிவிட்டது அவள்தான்.

நெட்டை போய்விட்டுப் பத்திரமாகத் திரும்பினான். பின்பக்கத்து அறை வாசலில் சேறும் வேர்வையுமாக நின்றான்.

"அருமையான வழி பூனை. தண்ணி இருக்கு, நிழல் இருக்கு. ஒரு எடத்துல நான் இந்தப் பக்கம்னு இழுத்தேன். அது, உன் வேலையப் பாருடான்னு அந்தப் பக்கம் போச்சு. அதுதான் சரி." சிரிப்பு அதற்குமேல் ஓடவில்லை. "ஒண்ணு கவனிக்கணும். புல்வெளி முடியிற எடத்துல நின்னா கீழ நம்ம ஊரே தெரியுது. கை எட்டற மாதிரி இருக்கு. மேல வந்தவன் குறுக்கால எறங்கிடலாம்னு பாப்பான். அது நேரா உங்கண்ணன் விழுந்த எடம். ஏதாவது போட்டு வை."

அதற்கு ஓர் அடையாளம் இருக்கிறது. கோட்டின் முனையில் குறுக்கே சின்னதாக ஒரு கறுப்புக் கட்டை. இதற்குமேல் குதிரை போகாது என்று அர்த்தம். அந்தத் தாளில் இன்னும் பல இடங்களில் அது உண்டு. நெட்டையின் கருவியிலிருந்து வந்த கோட்டைப் புல்வெளியின் விளிம்புவரை கொண்டுபோய், முனையில் கட்டையை வைத்தாள். சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தாள். உட்கார்ந்திருந்தது. வரைபடத்தை அச்சகத்துக்கு அனுப்பினாள்.

வரைபடம் அச்சாகி வந்ததும் ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போய், சமையலறை மேசைமேல் வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். திரும்பி வந்தபோது அண்ணி அதை முழுக்க விரித்து, நான்கு மூலையிலும் டம்ளர் வைத்து, குனிந்து தேடிக்கொண்டிருந்தாள். விரல் தெற்கு இடுக்கில் நுழைந்து, வளைவுகளில் நிதானமாக ஏறி, குட்டையைத் தாண்டி, விளிம்பில் அந்தக் கறுப்புக் கட்டையில் போய் நின்றது.

"இதுவா?" சுவரிடம் கேட்கவில்லை. அவளைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"இதான் அண்ணி."

"ரொம்பச் சின்னதா இருக்கே."

"எல்லாத்துக்கும் ஒரே அளவுதான்."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அவள் போய் அணைத்தாள், துணியெடுத்து மேடையைத் துடைத்தாள், துணியை அலசிப் பிழிந்து காயப்போட்டாள். திரும்பி வந்தபோதும் அண்ணியின் விரல் அங்கேயே இருந்தது.