பச்சைச் சட்டைக்கு ஒரு கேள்வி

மகனுக்குக் கூரியரில் வந்த பார்சலை நேற்று நான்தான் பிரித்தேன். உள்ளே இந்திய கிரிக்கெட் அணியின் நீல ஜெர்சி. பிளாஸ்டிக் உறையைக் கிழித்ததும் புது நைலான் துணியும் அதில் ஒட்டிய எழுத்துகளும் சேர்ந்து ஒரு வாசனை அடித்தது. கடையில் புதிதாக வாங்கிய ரப்பர் செருப்பின் வாசனைக்குப் பக்கத்தில் வரும். உங்களுக்கும் தெரிந்திருக்கும். எனக்கு மட்டும் அதோடு கொஞ்சம் அத்தர் வாசனையும் சேர்ந்து வரும். அந்த வகைச் சட்டையை நான் முதலில் பக்கத்தில் நின்று பார்த்தது பெரம்பலூர் பேருந்து நிலையத்தில், ஷார்ஜாவிலிருந்து விடுப்பில் வந்திருந்த ஒருவர் மேல். ஆனால் அது நீலமில்லை, பச்சை.

2007 மார்ச். நான் அப்போது பெரம்பலூரில் ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபர். வெஸ்ட் இண்டீஸில் நடந்த உலகக் கோப்பையில் முந்தின நாள் வங்கதேசத்திடம் இந்தியா தோற்றுப் போயிருந்தது. விடிய விடியக் கண் விழித்துப் பார்த்த ஊர், ஞாயிற்றுக்கிழமை காலையில் சிவந்த கண்களோடு டீ குடித்துக்கொண்டிருந்தது. பாகிஸ்தானிடம் தோற்றால் என்ன செய்வது என்று நம் ஆட்களுக்குத் தெரியும், அதற்கு நெடுநாள் பழக்கம் உண்டு. வங்கதேசம் அப்படியில்லை. அவர்களோடு நமக்குச் சண்டை கிடையாது, வாய்த்தகராறுகூடக் கிடையாது. கூட வளர்ந்த சின்னப் பையன் நாலு பேர் பார்க்கக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. வரைபடத்தில் டாக்கா எந்தப் பக்கம் என்று கேட்டால் திணறக்கூடியவர்கள் எல்லாம் அன்று காலை வங்கதேசத்தின் பரம எதிரிகள்.

பேருந்து நிலையத்தில் இளைஞர்கள் ஒரு மட்டைக்குச் செருப்பு மாலை போட்டு, மூங்கிலில் கட்டி, பாடை மாதிரித் தூக்கிச் சுற்றி வந்தார்கள். முன்னால் ஒருவர் தப்பு அடித்தார். பின்னால் ஒருவன் பொரி இறைத்தான். நான் அரியலூர் போகக் கிளம்பியவன். அந்த ஊரைத் தனி மாவட்டமாக்கி, பிறகு திரும்பச் சேர்த்து, இப்போது மறுபடியும் பிரிக்கப்போவதாகப் பேச்சு. மக்கள் கருத்துக் கேட்டு எழுத வேண்டும். மட்டையின் இறுதி ஊர்வலத்துக்கும் நாலு வரி கிடைக்கும் என்று நின்றுவிட்டேன். 'பரபரப்பு' என்ற சொல் மனதில் தயாராக இருந்தது. அந்தச் சொல் இல்லாமல் அந்தக் காலத்தில் நான் எந்தச் செய்தியையும் முடித்ததில்லை.

அப்போது லப்பைக்குடிக்காட்டு பஸ் வந்து நின்றது. முதலில் தலைத்தொப்பியோடு ஒரு பெரியவர் இறங்கினார். அவருக்குப் பின்னால் முப்பது வயதுக்காரர் ஒருவர், கையில் இனிப்புப் பெட்டியும் பேரீச்சம்பழப் பையுமாக இறங்கினார். கறுப்புப் பேன்ட், பளபளக்கும் ஷூ, மேலே கரும்பச்சை ஜெர்சி. நெஞ்சில் சிவப்பு.

தப்புச் சத்தம் நின்றது.

"டேய், பாகிஸ்தான் சட்டைடா" என்றான் பொரி இறைத்தவன்.

பாடையைக் கீழே வைத்துவிட்டு எல்லாரும் அவரைச் சூழ்ந்தார்கள். கூட வந்த பெரியவர் சட்டென்று நாலடி நகர்ந்து, நேரக் காப்பாளர் அறையின் பலகையை ஆர்வமாகப் படிக்கத் தொடங்கினார். இந்தப் பச்சைச் சட்டைக்காரர் யாரோ, தான் யாரோ என்று அவர் முதுகு சொன்னது. ஒருவன் "கழட்டுடா" என்றான். இன்னொருவன் காலரில் கை வைத்தான். நடுவில் நின்றவர் இனிப்புப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வியர்த்து, ஒரு வார்த்தை பேசாமல் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். அந்தப் பார்வையில் பயம் இருந்தது. ஆனால் அதைவிட அதிகமாக எதையோ எதிர்பார்க்கும் தவிப்பு இருந்தது. அது என்னவென்று எனக்கு விளங்கவில்லை.

அவர் நெஞ்சில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைப் படித்தேன். பாகிஸ்தான் இல்லை, வங்கதேசம். அன்றைய காலைக்கு அது இன்னும் மோசம். எழுதுவதற்கு முன் கேட்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் முதல் நாள் சொல்லித்தருவது. புகுந்து போய், "பாய், நான் பத்திரிகைக்காரன். ஏன் இந்தச் சட்டையப் போட்டுருக்கீங்க?" என்றேன்.

அவர் விட்ட மூச்சு இன்னும் என் காதில் இருக்கிறது.

"அல்லாஹ் உங்கள நல்லா வெக்கட்டும் சார். இதக் கேக்கத்தான் ஒரு ஆளு இல்லாம நிக்கிறேன்."

அவர் பெயர் ஜமால். ஷார்ஜாவில் கராஜ் மெக்கானிக். அங்கே ஒரே அறையில் இவரும் மொனீர் என்ற வங்கதேசத்துக்காரரும். ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிடும் சிநேகிதம், ஆனால் கிரிக்கெட் என்று வந்தால் அறையில் சட்டி பறக்கும். சண்டை முற்றி முதலாளி வரைக்கும் போனதால் இரண்டு பேரும் ஒரு விதி வைத்துக்கொண்டார்கள். எவன் நாடு தோற்கிறதோ அவன் மறுநாள் பொழுது சாயும்வரை அடுத்தவன் நாட்டுச் சட்டையைப் போட வேண்டும். அன்று எங்கே போவதாக இருந்தானோ அங்கே போய்த்தான் ஆக வேண்டும். ஏன் போட்டிருக்கிறேன் என்று தானாகவோ ஆள் வைத்தோ சொல்லக் கூடாது. கேட்டவருக்கு மட்டும் சொல்லலாம். விடுப்பில் கிளம்பும்போது மொனீர் பச்சைச் சட்டையைப் பெட்டியில் மேலாக வைத்து அனுப்பியிருந்தார்.

கேட்டு முடித்ததும் தப்புக்காரர்தான் முதலில் வாய் திறந்தார். "பதினோரு பேரு பண்ணுன தப்புக்கு இவரு ஒத்த ஆளா தண்டன அனுபவிக்கிறாருடா."

காலரைப் பிடித்த கை, காலரைச் சரிசெய்தது. டீ வந்தது. அந்த மொனீருக்கு உடனே போனைப் போடச் சொல்லி நாலு பேர் நச்சரித்தார்கள். அரியலூர் பஸ்வரை தப்படித்து ஜமாலை ஏற்றிவிட்டார்கள். பலகை படித்துக்கொண்டிருந்த பெரியவர் இப்போது ஊர்வலத்துக்கு முன்னால் நடந்தார். ஜமாலின் மாமாவாம்.

பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் பேருந்து நிலையம் பெரிய விஷயமில்லை என்று தெரிந்தது. ஜமாலின் தங்கைக்கு அரியலூரில் பார்த்திருந்த இடத்தில் அன்றைக்குத்தான் பேசி முடிக்கப் போகிறார்கள். அத்தா இல்லாத வீடு, அண்ணன்தான் எல்லாம். இந்தக் கோலத்தில் போனால் சம்பந்தம் தப்பிப்போகும் என்று அம்மா அழுதிருக்கிறார்.

"கழட்டிப் பைல வச்சுட்டுப் போனா மொனீருக்கா தெரியப் போவுது?" என்றேன்.

"தெரியாது சார்" என்றவர், வெளியே வெள்ளைப் புழுதி கிளப்பிப் போன சுண்ணாம்புக்கல் லாரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சுனாமி வந்த அன்னிக்கு டாக்காவுல தோத்தோம், ஞாபகம் இருக்கா? மறுநாள் நான் பச்சை போட்டுருக்கணும். அவன்தான் சட்டையப் புடுங்கி வச்சுக்கிட்டான். 'ஒங்க ஊருக் கடலு இப்புடிப் பண்ணிருக்கு, இன்னிக்கு வேணாம்'னான். மத்த தடவையெல்லாம் அவன்தான் நீலம் போட்டுருக்கான். முட்டையால அடிச்சானுவ அவங்க ஊருப் பசங்க. போட்டுக்கிட்டுதான் நின்னான்."

அரியலூரில் இறங்கியதும், "நீங்களும் வாங்க சார்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். மாவட்டப் பிரிவினையில் மக்கள் கருத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட்டேன்.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் மாப்பிள்ளை வீடு. மாப்பிள்ளையின் அத்தா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், நிதானமான மனிதர். பச்சைச் சட்டையைப் பார்த்தார், முகம் ஒரு கணம் இறுகியது, பிறகு சலாம் சொல்லி உட்காரச் சொன்னார். ரோஸ்மில்க் வந்தது. வெயிலைப் பற்றிப் பேசினார். ஷார்ஜா வெயிலைப் பற்றிப் பேசினார். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் உடுப்பைப் பற்றிக் கேட்பது மரியாதையா? அவர் கேட்கவில்லை. பேருந்து நிலையத்தில் கோபம் கேட்கவிடவில்லை, இங்கே நாகரிகம் கேட்கவிடவில்லை. தங்கையின் பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை. மாமா விரல்களால் தொடையில் தாளம் போட்டார். ஜமால் என்னைப் பார்த்தார். நான் கேட்டால் செல்லாது, ஏற்கெனவே கேட்டவன்.

உள்ளே திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா.

"ஏங்க, அந்தத் தம்பி எதுக்கு அந்தப் பனியனப் போட்டுட்டு வந்துருக்காருன்னு கேட்டுத்தான் பாருங்களேன். ராத்திரி பூரா டிவியப் பாத்துத் திட்டுனீங்கள்ல?"

ஜமால் எழுந்தே நின்றுவிட்டார். விதியைச் சொன்னார், முட்டையைச் சொன்னார், சுனாமியைச் சொன்னார். மாப்பிள்ளையின் அத்தா முழுக்கக் கேட்டார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாக்காத எடத்துலயும் பேச்சு மாறாத வூடு. வேற என்னத்த விசாரிக்கணும்?" என்றவர், திரைச்சீலைப் பக்கம் திரும்பி, "இனிப்ப எடுத்துட்டு வாம்மா" என்றார்.

மே மாதம் கல்யாணம் முடிவாயிற்று. திரும்பும்போது மாமா, தான் ஆரம்பத்திலிருந்தே தைரியமாக இருந்ததாகச் சொன்னார்.

அந்த மே மாதம் நம் அணி வங்கதேசத்துக்குப் போனது. ஒரு ஆட்டத்தில் ஜெயித்தோம், அடுத்ததிலும் ஜெயித்தோம். அடுத்த நாள் லப்பைக்குடிக்காட்டில் கல்யாணம். பெரம்பலூரிலிருந்து தப்புக்காரரும் பொரிக்காரனும் உட்பட மட்டைப் பாடை கோஷ்டி முழுக்க வந்திருந்தது. ஜமால் பெயர் சொல்லி அழைத்திருந்தார். நிக்காஹ் முடிந்து பிரியாணி பரிமாறும் நேரத்தில் அவர் செல்போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"ஜமால் பாய்" என்றது அந்தக் குரல். இந்தி கலந்த, ஜமாலிடம் கற்ற அரைகுறைத் தமிழ். "நீலம் போட்டாச்சு. எல்லாரும் கேக்குது. காலைலேர்ந்து சொல்லுது, சொல்லுது, வாய் வலிக்குது."

பந்தல் அதிர்ந்தது. நான் எத்தனையோ தேர்தல் வெற்றிக் கூட்டங்களில் நின்று குறிப்பெடுத்தவன். அப்படி ஒரு ஆரவாரத்தைக் கேட்டதில்லை. முந்தின நாள் நம் அணி ஜெயித்தபோதுகூட ஊர் அப்படிக் கத்தவில்லை. தப்புக்காரர் போனை வாங்கி, "மொனீர் பாய், ஒங்களுக்கு ஒரு பிரியாணி பாக்கி இருக்கு" என்றார். மாப்பிள்ளையின் அத்தா எழுந்து நின்று கைதட்டினார். நாலு வரிகூட நான் எழுதவில்லை. 'பரபரப்பு' அங்கே பொருந்தவில்லை.

அந்த ஆண்டு முடிவதற்குள் அரியலூர் தனி மாவட்டமாகிவிட்டது. பேருந்து நிலையத்தில் அந்த டீக்கடை இன்று இல்லை. என் மகன் முகம் தெரியாத டாக்காக்காரர்களோடு இரவெல்லாம் செல்போனில் சண்டை போடுகிறான். தட்டச்சு வேகத்தைப் பார்த்தால் எனக்கே பொறாமை வருகிறது. அவன் திட்டுகிற யாருடைய பெயரும் அவனுக்குத் தெரியாது.

ஜமால் பாய் வளைகுடா வாழ்க்கையை முடித்துக்கொண்டு ஊரில் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். மொனீரும் தன் ஊருக்குப் போய்விட்டார். இடையில் எண் மாறி, தொடர்பு அறுந்துவிட்டது. பச்சைச் சட்டை வெளுத்து, நெஞ்சுச் சிவப்பு உரிந்து, இன்னும் அவரிடம் இருக்கிறது. வங்கதேசத்திடம் நாம் தோற்கிற அபூர்வ நாட்களுக்கு மறுநாள், தவறாமல் அதைப் போட்டுக்கொண்டுதான் கடை திறக்கிறார். கேட்பதற்கு இப்போது ஆளில்லை. தெருவில் பாதிப் பேர் ஏதோ ஒரு நாட்டின் ஜெர்சியில்தான் திரிகிறார்கள். சாமான் வாங்க வருகிறவர்கள் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

யாரும் கேட்காததால், விதிப்படி அவரும் சொல்வதில்லை.