பூச்சி போட்ட ஓட்டை

காய்ச்சிய மைதா பசையின் மணம் எங்காவது வந்தால், பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய வீட்டின் முன்னறையும், அதன் தரையில் நீளமாக விரித்துக் கிடந்த ஒரு காகிதச் சுருளும்தான் இன்றும் எனக்கு முதலில் ஞாபகத்துக்கு வருகின்றன.

அந்த வீட்டில் பியானோ சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் தனியாக இருந்தார். தெருவே அவரை "மிஸ்" என்றுதான் கூப்பிடும். என் அம்மா சரசு, ஞாயிறு தவிர மற்ற நாட்களில் அங்கே வீட்டு வேலை செய்தார். மூட்டுவாதத்தில் மிஸ்ஸின் விரல்கள் மடங்கிப்போய்விட்டதால், பியானோவுக்கு முன்னால் அவருடைய அப்பா காலத்துப் பெட்டி ஒன்று நின்றது. பின்பக்கத்தில் கம்பளித்துணி ஒட்டிய மர விரல்கள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். கீழே இரண்டு மிதிகள். பெட்டியைப் பியானோவோடு சேர்த்துத் தள்ளி வைத்து மிதித்தால், காற்றின் விசையில் உள்ளே மாட்டிய காகிதச் சுருள் நகர நகர, அதிலுள்ள ஒவ்வோர் ஓட்டைக்கும் ஒரு மர விரல் இறங்கிப் பியானோக் கட்டையை அழுத்தும். நாங்கள் பிற்பாடு அதற்கு "மிதிப்பெட்டி" என்று பெயர் வைத்தோம். ஆனால் மிஸ் அதை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே மிதித்ததால், வெளியே தூசு தட்டியதைத் தவிர அம்மாவுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

எனக்குப் பத்து வயது இருக்கும். வருடக் கடைசிப் பள்ளி விடுமுறையில், மிஸ் தங்கையைப் பார்க்க ஒரு வாரம் கிள்ளானுக்குப் போனார். அலமாரிகளைத் துடைத்து வைக்கச் சொல்லிச் சாவியைக் கொடுத்திருந்தார். நானும் அம்மாவோடு போயிருந்தேன். ஒரு நீளப் பெட்டியைத் திறந்து அதிலிருந்த சுருளை விரித்த அம்மா, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முனை முதல் கண்ணுக்கெட்டியவரை ஓட்டைகள்.

"பாவம் மிஸ்ஸு. இவ்வளவு பூச்சி அரிச்சிருக்கு, பாக்காமயே இருந்திருக்காங்க."

எங்கள் வீட்டில் கிழிந்த காகிதம் எதையும் எறிந்ததில்லை. பாடப்புத்தகம், சாமி படம், பிறப்புப் பத்திரம் எல்லாவற்றிலும் அம்மாவின் ஒட்டு இருக்கும். மைதாவைக் காய்ச்சினார். நான் பட்டக் காகிதத்தைக் கத்தரித்துக் கொடுக்க, அவர் ஒட்டி, உள்ளங்கையால் நீவிக் காய வைத்தார். வார முடிவில் பாதிச் சுருள் முடிந்திருந்தது. மிஸ் திரும்பி வந்ததும், கைப்பையைக்கூட அவர் கீழே வைக்கும் முன் அம்மா அதை எடுத்துக் காட்டினார்.

மிஸ் கைப்பையை வைத்துவிட்டுப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். சுருளை மாட்டி மிதிக்க ஆரம்பித்தார். காற்று மட்டும் "புஸ் புஸ்" என்று வந்தது. வெகுநேரம் அப்படியே போய், ஒட்டாத பாதி வந்ததும், திடீரென்று அத்தனை மர விரல்களும் சேர்ந்து வாசிக்கத் தொடங்கின. அம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது. முன்பு வேலை செய்த வீட்டில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் உடைந்ததற்கே அவரை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள்.

"நாளைலேருந்து வர வேணாம்னா சொல்லிருங்க மிஸ்ஸு," என்றார் தரையைப் பார்த்தபடி.

மிஸ் ஒட்டுகளைத் தடவிப் பார்த்தார். "நல்லாத்தான் ஒட்டிருக்க சரசு. அதான் பிரச்சனையே. வீட்ல பிளேடு இருக்கா?"

மீதி விடுமுறை முழுதும் ஜன்னலருகே போனது. சுருளை வெளிச்சத்தில் பிடித்தால் பட்டக் காகிதத்துக்குள் பழைய ஓட்டையின் நிழல் தெரியும். மிஸ் மணிக்கட்டால் காகிதத்தை அழுத்திக்கொள்வார். நான் நிழலைக் காட்டுவேன். அம்மா பிளேடால் கீறுவார்.

முடிந்த அன்று மிஸ் மிதித்தார். பாட்டு முழுதாக வந்தது. நடுவில் மட்டும், எதிலும் சேராமல் உச்ச ஸ்தாயியில் ஒரு "டிங்". கோணல்மாணலாக இருந்த ஒரு நிழலை அம்மாவிடம் நான் காட்டியிருந்தேன். அதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மா மிஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார். மிஸ் சிரித்தார்.

"அது நெசமாவே பூச்சி போட்ட ஓட்டைதான். அப்பா காலத்துலேருந்து இருக்கு. அத மட்டும் நீ ஒட்டுனது சரி."

"அப்ப திரும்ப ஒட்டிரவா மிஸ்ஸு?"

"வேணாம் லா. அது இல்லாட்டி எனக்கு அந்தப் பாட்டாவே தெரியாது."

அதன்பின் அம்மா ஞாயிற்றுக்கிழமைகளிலும் போனார். மிஸ்ஸின் முழங்காலும் ஒத்துழைக்காமல் போனபோது, அம்மாதான் மிதித்தார். பிறகு மிஸ்ஸைத் தங்கை கிள்ளானுக்கே அழைத்துக்கொண்டார். பெட்டியும் சுருள்களும் ஒரு லோரியில் ஏறிப் போயின. யார் வாங்கினார்கள் என்று தெரியவில்லை. வீடு இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது.

போன வருடம் அந்தப் பக்கம் போனபோது, ஒரு பேரங்காடியில் யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்று வைத்திருந்த பியானோவில், ஓர் இளைஞர் அந்தப் பாட்டை வாசித்துக்கொண்டிருந்தார். அதன் பெயரை நான் கேட்டு வைத்துக்கொண்டதே இல்லை. தூணோரம் நின்று காத்திருந்தேன். அந்த இடம் வந்தது, போனது. தம்பி, ஒண்ணு விட்டுப்போச்சே என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவர் அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்.

கிள்ளானுக்கு அருகே மேருவில் இப்போதிருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பியதும் அம்மாவிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தவில்லை.

"நம்ம பூச்சி வந்துச்சா?"

"வரலம்மா."

"அப்ப அது வேற பாட்டு," என்றார்.