பட்டியல் சார் வாங்கிய ட்யூனர்

அலுவலகத்தில் அவருக்குப் பட்டியல் சார் என்று பெயர். வைத்தது யாரென்று தெரியாது, ஆனால் அளவெடுத்துத் தைத்த மாதிரி வைத்துவிட்டார்கள். குடிநீர் விநியோக அலுவலகத்தில் கொள்முதல் பிரிவு அவருடையது. குழாயோ குண்டூசியோ, எதை வாங்குவதானாலும் நாலு கம்பெனியை வரிசையாக எழுதி, கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் மதிப்பெண் கொடுத்து, அதிகம் வாங்கியதைச் சிவப்பு மையால் வட்டமிடுவார். இருபத்தாறு வருஷமாக அந்த வட்டத்தை யாரும் கேள்வி கேட்டதில்லை. மனுஷனைக் கெடுத்தது அதுதான்.

அவர் மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், காதில் மாட்டிய கருவியோடு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர். ஊரில் பாதிப் பேருக்கு அந்தக் குரல் தெரியும், முகம் ஒருத்தருக்கும் தெரியாது. ஒருமுறை தபால் நிலையத்து வரிசையில் அவர் ஏதோ கேட்க, முன்னால் நின்ற பெண் சட்டென்று திரும்பி, ஆபரேஷன் முடிந்தது, அவர் கண்ணைத் திறந்துவிட்டார் என்று அன்றைக்குச் சொன்னது நீங்கள்தானே என்று கையைப் பிடித்துக்கொண்டாளாம். பிடித்த கையை விடவே இல்லையாம். அன்றிலிருந்து அந்த அம்மாளுக்கு ஒரே நினைப்பு. தன் குரலில் அப்படி என்னதான் இருக்கிறது, மற்றவர்கள் காதில் அது எப்படி விழுகிறது?

அந்த நேரம் பார்த்துத்தான் வானொலியிலிருந்து அழைப்பு வந்தது. முகம் தெரியாமல் வேலை செய்கிறவர்களோடு ஒரு நேரடிப் பேச்சு. காலை பதினோரு மணிக்குப் பன்னிரண்டு நிமிஷம். சின்ன நிலையம், டிஜிட்டல் வானொலியில் மட்டும் வருவது. போனது போனதுதான், மறு ஒலிபரப்பும் கிடையாது, இணையத்தில் ஏற்றி வைப்பதும் கிடையாது. பேசப் போகிறவர் தன் பேச்சைத் தான் கேட்க முடியாதே. கணவரிடம் வந்து நின்றார்.

"என்னங்க, இதை மட்டும் எப்படியாவது பிடிச்சு வெச்சிடுங்க. நான் எப்படிப் பேசறேன்னு ஒரு தடவை கேக்கணும்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த அம்மாள் வாய் திறந்து கேட்டது விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். பட்டியல் சாருக்குக் கால் தரையில் பாவவில்லை. கணினியில் செருகிப் பதிவு செய்கிற ட்யூனர் ஒன்று வாங்கிவிடலாம், டிவியும் ஆச்சு, ரேடியோவும் ஆச்சு என்று அன்றைக்கே கட்டம் போட உட்கார்ந்துவிட்டார். இரண்டு மாதம். ஆறு ட்யூனர், பதினோரு கட்டம். ஒரே நேரத்தில் இரண்டு சேனல் பதிவாகுமா, நேரம் குறித்து வைத்தால் தானாகத் தொடங்குமா, ரிமோட் உண்டா, சூடாகுமா, ஆன்டெனா கூடவே வருமா என்று எதையும் விடவில்லை. ‘ரேடியோ’ என்றும் ஒரு கட்டம் இருந்தது. அட்டைப்பெட்டியில் ரேடியோ என்று போட்டிருந்தது, இவரும் டிக் அடித்தார். அந்த நிலையம் வருமா என்பதற்கு மட்டும் கட்டம் இல்லை.

கடைக்காரர் சொல்லத்தான் செய்தார். கடைத்தெரு முனையில் எலக்ட்ரானிக் சாமான் விற்கிறவர், ரேடியோவைப் பாடவிட்டுக்கொண்டே சால்டரிங் வைக்கிற ஆள். பட்டியல் சார் தான் வந்த காரணத்தைப் பெருமையாகச் சொன்னார், தேதி, நேரம் உட்பட. கடைக்காரர் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் டிவியோடு சேர்ந்து அனுப்புகிற ரேடியோ மட்டும்தான் எடுக்கும், நீங்கள் சொல்கிற நிலையம் தனி டிஜிட்டல் ரேடியோவில் வருவது, அதற்கு வேறு ட்யூனர் என்று ஆரம்பித்தார். பட்டியல் சார் நாலாக மடித்த தாளை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"தம்பி, நான் இருபத்தாறு வருஷமா இதே வேலைதான் பாக்கறேன். விக்காத சரக்கை என் தலையில கட்டப் பாக்காதீங்க."

கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். கடைக்காரர் முகம் சுண்டிவிட்டது. பில் போட்டுக் கொடுத்தார்.

வீட்டில் சோதித்தும் பார்த்தார், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். நாற்பது டிவி சேனல், பதினாலு ரேடியோ வந்தது. ரேடியோவில் முதலில் வந்ததைப் பத்து நிமிஷம் பதிந்து கேட்டார், கண்ணாடி மாதிரி இருந்தது. அதோடு முடித்துக்கொண்டார். அலுவலகத்தில் அப்படித்தான். ஆயிரம் குழாய் வந்து இறங்கினால் ஒன்றை எடுத்துச் சோதிப்பார்கள், அது தேறினால் ஆயிரமும் தேறியது. தேறிவிட்ட சந்தோஷத்தில் சமையலறையில் இருந்த பழைய டிஜிட்டல் ரேடியோவைத் தூக்கி, இனி இது எதற்கு என்று வாட்ச்மேனிடம் கொடுத்தும் விட்டார். அந்த வீட்டில் அந்த நிலையத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

அந்த நாளும் வந்தது. மனைவி நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, வாசல்வரை போய்த் திரும்பி வந்து, மறந்துடாதீங்க என்று சொல்லிவிட்டுப் போனார். இவர் லீவு போட்டிருந்தார். பத்தே முக்காலுக்குக் கணினி முன்னால் உட்கார்ந்து நிலையத்தின் பெயரைத் தேடினார். பதினாலில் அது இல்லை. பெயர் மாறியிருக்கும் என்று ஒவ்வொன்றாகத் திறந்து கேட்டார். இல்லை. மறுபடி முதலிலிருந்து தேடவிட்டார், அது நாலு நிமிஷம் எடுத்துக்கொண்டு அதே பதினாலைக் கொண்டுவந்து கொட்டியது. ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினார், பால்கனிக்கு ஓடினார். உள்ளங்கை வேர்த்து மவுஸ் வழுக்கியது. கடைக்காரர் சொன்னது அப்போதுதான் ஒவ்வொரு வார்த்தையாக ஞாபகம் வந்தது.

மணி பத்து ஐம்பத்தைந்து. மேசையில் பில் கிடந்தது, அதில் கடையின் எண் இருந்தது. ஒரு போன் போட்டு, தம்பி, நீங்க சொன்னது சரிதான், கொஞ்சம் பதிஞ்சு குடுங்க என்றால் முடிந்தது. போனைக் கையில் எடுத்தார். எண்ணில் பாதியை அழுத்தினார். மீதியை அழுத்த வரவில்லை. அன்றைக்கு நீட்டிய தாள்தான் கண் முன்னால் நின்றது. அப்படியே பதினோரு மணி ஆனது, பதினொன்று பன்னிரண்டும் ஆனது. அவ்வளவு நேரமும் போன் கையில்தான் இருந்தது.

சாயங்காலம் மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல், வந்துச்சா என்று கேட்டார். வந்தது, பதிவாகியும் விட்டது, ஃபைலில் ஏதோ சின்னக் கோளாறு, சரிசெய்ய இரண்டு நாள் ஆகும் என்று பட்டியல் சார் வாய் கூசாமல் சொன்னார். வாய்தான் கூசவில்லை, உள்ளே கூனிக் குறுகிப்போனார். அந்த அம்மாளோ அதை முழுசாக நம்பிவிட்டு, சரிங்க, அவசரமில்ல, நீங்க பாத்துக்குவீங்க என்று காபி போடப் போனார். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. கடைத்தெருவில் எதிர்ப்பக்கமாக ஒதுங்கி, தலையைக் குனிந்துகொண்டு நடந்தவரைக் கடைக்காரர் பார்த்துவிட்டார். தெருவைத் தாண்டி அவரே வந்தார். கையில் ஒரு பென்டிரைவ்.

"சார், அன்னைக்கு அந்த நிகழ்ச்சி. கடை ரேடியோ பக்கத்துல போனை வெச்சு எடுத்தேன். அவ்வளவு சுத்தமா இருக்காது, ஆனா முழுசா இருக்கு."

குத்திக்காட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. நான் அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் பட்டியல் சாருக்குத் திருப்பிக் கோபப்படவாவது வழி இருந்திருக்கும். இவர் பென்டிரைவைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறவர் மாதிரி நடையைக் கட்டினார். இவர் வீடு நாலாவது தெரு, பஸ்ஸே கிடையாது.

வீட்டில் போட்டு ஒரு நிமிஷம் கேட்டார். கடையில் அப்போது ஆள் இல்லை போல, சத்தமே இல்லை, குரல் மட்டும் தெளிவாக வந்தது. அதற்குமேல் அந்தக் குரலைக் கேட்க அவருக்கு முகமில்லை. நிறுத்திவிட்டார். ட்யூனர் பதிந்து வைக்கிற ஃபோல்டரிலேயே அதைப் போட்டு, அன்றைய தேதியையும் பெயராக வைத்தார். சாப்பாடு முடிந்ததும் மனைவியைக் கூப்பிட்டு, சரியாயிடுச்சு, வந்து கேளு என்றார்.

அந்த அம்மாள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். முதல் வார்த்தை வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். இவ்வளவு மெதுவாவா பேசறேன் என்று கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, நல்லாத்தான் இருக்கு இல்ல என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கண்ணில் நீர் கோத்திருந்தது. ஒருவழியாகத் தப்பித்தோம் என்று பட்டியல் சார் மூச்சு விட்டது அப்போதுதான்.

ஒன்பதாவது நிமிஷம் இருக்கும். உங்கள் பேச்சை இப்போது வீட்டில் யாராவது கேட்டுக்கொண்டிருப்பார்களா என்று நிலையத்துப் பெண் கேட்டாள்.

"அவர் கேட்டுக்கிட்டே பதிவு பண்ணிட்டு இருப்பார்," என்றது ரேடியோவில் மனைவியின் குரல். "அதுக்காகவே ரெண்டு மாசம் பட்டியல் போட்டு ஒரு மிஷின் வாங்கினார். அவர் ஒரு வேலைய எடுத்துக்கிட்டா நான் திரும்பிப் பாக்கவே வேண்டாம்."

அடுத்த நொடி ஒரு கதவு கிறீச்சிட்டது. ரிமோட்டுக்கு பேட்டரி இருக்கா என்று ஒரு ஆண் குரல் கேட்டது. உடனே கடைக்காரர் குரல், தணிந்து, மைக்குக்கு வெகு பக்கத்தில்.

"ஒரு நிமிஷம் இருங்க. நம்ம கஸ்டமர் ஒருத்தரோட வீட்டம்மா பேசறாங்க. பாவம், அவருக்கு இது வந்திருக்காது. நான் எடுத்துட்டு இருக்கேன்."

பட்டியல் சாரின் முகத்தில் ஈயாடவில்லை. நிறுத்தக் கை போனது. மனைவி அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, மீதி மூன்று நிமிஷத்தையும் கேட்டார். தன் பேச்சையும் கேட்டார், நடுவில் பேட்டரி விற்றதையும் கேட்டார். முடிந்த பிறகும் கையை விடவில்லை. பட்டியல் சார் ட்யூனரையே பார்த்துக்கொண்டிருந்தார். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது அவருக்கு. ஏதாவது கேட்டுத் தொலைத்தால் பரவாயில்லை என்று காத்திருந்தார்.

மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டார், ஆஸ்பத்திரி போனில் பேசுகிற அதே மெதுவான குரலில்.

"அந்தத் தம்பிகிட்ட நன்றி சொன்னீங்களா?"

அவர் இல்லை என்று தலையாட்டினார். மனைவி கையை விட்டார். அவர் எழுந்துபோய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, கடை மூடுவதற்குள் போய்ச் சேரவேண்டும் என்று படியிறங்கினார்.