மாமாவின் மடி மட்டும்

சந்திரன் மாமா இறந்த செய்தி வந்தபோது, நான் சிராங்கூன் சாலை நகைக்கடையில் மகளின் தோட்டுக்குத் திருகாணி மாற்றிக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் 'மாமா வீட்டு வாடகைக்காரர்' என்று வந்தது. "மாமா போயிட்டாரும்மா" என்றார் செல்வம். ஆங் மோ கியோ வீட்டில் மாமாவோடு பத்தொன்பது வருடம் வாழ்ந்தவர். அவர் வாடகைக்கு இருக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

மாமாவிடம் பள்ளியில் உயிரியல் படித்தவர்களுக்கு அவர் நாக்கைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தீபாவளியன்று என் அப்பா அவரை வம்புக்கு இழுத்தார். "பிள்ளையே பெத்துக்காத உங்க கூட்டம் எப்படி மச்சான் இத்தனை காலமா அழியாம இருக்கு?"

"பல விளக்கம் இருக்கு அத்தான், ஒண்ணும் முடிவாகல. எங்களை இப்படி ஆக்கற அதே ஜீன் அக்கா தங்கச்சிக்கு வந்தா பிள்ளை அதிகம் பிறக்கும்கறாங்க. உங்களுக்கு நாலு பொண்ணு, எனக்கு நன்றி சொல்லுங்க. இல்லன்னா, பிள்ளையில்லாத மாமன் அக்கா பிள்ளைங்களைத் தாங்குவானாம். அதுங்க உடம்புல அவன் ஜீன் கால்வாசி இருக்கு, அப்படியே குடும்பத்துல தங்கிடுமாம்." அப்பா அதன்பின் பிரியாணியை மட்டும் கவனித்தார்.

இரண்டாவது விளக்கம் எங்களுக்கு வசதியாக இருந்தது. எங்கள் நால்வருக்கும் அவர் மடியில் வைத்துத்தான் காது குத்தினார்கள். டியூஷன், அம்மாவின் ஆஸ்பத்திரி அலைச்சல், எல்லாம் அவர் தலையில். எனக்கு அண்ணன் தம்பி இல்லாததால் என் மகளுக்கும் அவர் மடிதான். அவள் காதுகுத்துக்கு அழைக்கப் போனபோது செல்வம் காப்பி கொண்டுவந்து வைத்தார். அவர் உள்ளே போனதும் சொன்னேன்: "நீங்க மட்டும் வாங்க மாமா. மாமியார் வீட்டுக்காரங்க வர்றாங்க."

"மடி மட்டும் போதும்கற" என்றார் மாமா. பிறகு சிரித்தார். "நான் வளர்த்த லட்சணத்தைப் பாத்தா அந்த மாமன் விளக்கம் தேறாது லா." சொன்னபடி தனியாகத்தான் வந்தார். அன்று எனக்கு வெட்கமே வரவில்லை.

மண்டாய் தகனச்சாலையில் என் கணவர் கொள்ளி வைத்தார். கடைசி வரிசையைக் காட்டி மாமியார் கேட்டார்: "அங்க அழறவரு யாரு?"

"வாடகைக்கு இருந்தவரு" என்றேன். செல்வத்துக்குக் கேட்டிருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

செல்வத்தின் எண் என் கைப்பேசியில் இன்னும் அதே பெயரில்தான் இருக்கிறது. என் உடம்பில் மாமா கால்வாசி என்கிறது அறிவியல். எந்தக் கால்வாசி என்று தெரியவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை காதில் இரண்டு துளைகள். அவர் சொன்னது எதுவும் அந்தக் காதில் ஏறவில்லை.