ஒத்திகை ராத்திரி

மைதானத்தில் பெஞ்சுகளை இரண்டு வரிசையாகப் போட்டால் அதுதான் படகு. விசில் சார் அதைப் படகு என்று சொல்லிவிட்டால் மறுத்துப் பேச எந்தப் பயலுக்கும் துணிச்சல் கிடையாது. அந்த உடற்பயிற்சி ஆசிரியருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. எதிரே தெரியும் தீவுகளுக்கு ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வருஷா வருஷம் படகில் போய், ஒரு ராத்திரி தங்கிவிட்டு வருவார்கள். அவர்களைப் பழக்குவது, கூட்டிப் போவது, முழுசாகத் திருப்பிக் கொண்டுவந்து ஒப்படைப்பது எல்லாம் அவர் தலையில்தான்.

"டேய் தக்காளி, எழுந்து நிக்காதடா! நீ நின்னா படகு சாயும்."

"பெஞ்சு எப்படி சார் சாயும்?"

"நான் சாய்ப்பேன். உக்காரு."

லைஃப் ஜாக்கெட்டின் வாரைக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டப் பழக வேண்டும். பையை அவரவரே அடுக்க வேண்டும்; அம்மா அடுக்கியது என்று தெரிந்தால் அங்கேயே கொட்டிவிடுவார். குமட்டினால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். "காத்துக்கு எதிரா வாந்தி எடுத்தவன் அப்புறம் என் மூஞ்சியில முழிக்கக் கூடாது, ஆமா!"

ஆனால் கடலுக்குப் பயப்படும் பிள்ளைகள் குறைவு. அம்மா பக்கத்தில் இல்லாத ராத்திரிக்குத்தான் பயம். அதனால் புறப்படுவதற்கு முந்தின வாரம் எல்லாரையும் பள்ளி ஹாலில் பாய் விரித்துப் படுக்க வைப்பார். அதற்கு ஒத்திகை ராத்திரி என்று பெயர். அழுகிற பிள்ளையிடம் அழாதே என்று சொல்லவே மாட்டார். கழுத்து விசிலைக் கழற்றி அதன் கையில் கொடுத்து, "நான் கொஞ்சம் கண் அசரப் போறேன், நீதான் இப்ப காவல்" என்பார். காவல்காரர் கொஞ்ச நேரத்தில் விசிலும் கையுமாகச் சரிந்துவிடுவார்.

இந்த வருஷம் அவர் போவதே சந்தேகமாக இருந்தது. மனைவிக்கு மறதி நோய். பக்கத்து வீட்டுக்காரர்கள், அடுப்பை அணைப்பது, சொந்த அண்ணன் முகம் என்று ஒவ்வொன்றாக அவளை விட்டுப் போய்விட்டன. போகாமல் நின்றது "என்னங்க" என்ற ஒரு கூப்பாடுதான். பகலில் அதே தெருவில் இருக்கும் அவளுடைய தங்கை வந்து பார்த்துக்கொள்வாள். இருட்டிவிட்டால் அவர் வேண்டும். குளியலறைக்குப் போனாலும் கதவைத் தட்டுவாள். படுத்தால் அவருடைய சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். சட்டைகளெல்லாம் ஒரு பக்கம் மட்டும் கசங்கிக் கிடந்தன.

"ஒரு நிமிஷம் விட மாட்டேங்கறா" என்று ஆசிரியர் அறையில் வாய் ஓயாமல் புலம்புவார். அந்தப் புலம்பலில் கொஞ்சம் பெருமையும் கலந்திருந்ததை மற்றவர்கள் கவனித்தார்கள். அவர் கவனிக்கவில்லை.

போக வேண்டும் என்று மட்டும் ஆசை உயிரை வாங்கியது. யாரும் கூப்பிடாத ஒரு ராத்திரி. அலைச் சத்தம் கேட்டுக்கொண்டே காலை நீட்டிப் படுத்தால் போதும். அப்படி நினைப்பதற்கே குற்ற உணர்ச்சியாக இருந்தது. மனசைத் திடப்படுத்திக்கொண்டு தலைமையாசிரியையிடம் போய் வீட்டு நிலைமையைச் சொன்னார்.

"நீங்க போகலைன்னா உங்க உதவிக்கு இருக்கற சின்ன சாரை அனுப்பறேன். அவரும் நல்லாத்தான் பாத்துக்குவார்" என்றார் தலைமையாசிரியை. "ஆனா பெத்தவங்க உங்க முகத்தைப் பாத்துத்தான் அனுப்பறாங்க. எதுக்கும் யோசிச்சு ஒரு வார்த்தை சொல்லுங்க."

வழி சொன்னது மைத்துனிதான். "புள்ளைங்களுக்கு ஒத்திகை வெக்கறீங்கல்ல மாமா, அதே ராத்திரி அக்காவுக்கும் வெச்சிருவோம். நான் வந்து கூடப் படுத்துக்கறேன். ரொம்ப அழுதாங்கன்னா போன் பண்றேன், ஓடி வந்துருங்க."

அன்றைக்கு ராத்திரி ஹாலில் இரண்டு பிள்ளைகள் அழுதார்கள். தக்காளி வயிற்று வலி என்று ஒரு பொய் சொல்லிப் பார்த்தான். விசில் கைமாறிக்கொண்டே இருந்தது. அவர் போனைச் சட்டைப் பையில் வைத்து, மேலே கையையும் வைத்துக்கொண்டு கிடந்தார். அது அடிக்கவே இல்லை. அழுதிருப்பாள், பாவம், என்னைத் தொந்தரவு பண்ண வேண்டாம் என்று மைத்துனி கூப்பிடாமல் விட்டிருப்பாள் என்று நினைத்தபடியே விடியும்வரை விழித்திருந்தார்.

பிள்ளைகளை அம்மாக்களிடம் அனுப்பிவிட்டு வேகவேகமாக வீட்டுக்கு வந்தார். கதவைத் திறந்த மைத்துனிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"மாமா! நீங்க கண்ணை மூடிக்கிட்டு கெளம்பலாம். ஒரு தடவை கூடத் தேடலை!"

"தேடலையா?"

"என் துப்பட்டா நுனியைப் புடிச்சுக்கிட்டாங்க. அவ்வளவுதான், அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கம். நாமதான் வீணாப் பயந்துட்டோம்."

மனைவி மேசையருகே உட்கார்ந்து ரொட்டியைப் பாலில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தலை நிமிர்ந்து, "வந்துட்டீங்களா" என்றாள், முக்குக் கடைக்குப் போய் வந்தவரைக் கேட்கிற மாதிரி. பிறகு கிண்ணத்துக்குத் திரும்பிவிட்டாள்.

நல்ல செய்திதானே? துள்ளிக் குதிக்க வேண்டிய மனுஷர், செருப்பைக் கழற்ற மறந்து அங்கேயே நின்றார். அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு துணி நுனி. அது யாருடைய துணியாக இருந்தாலும் சரி. இத்தனை நாளும் அந்தப் பிடி தன்மேல்தான் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நெஞ்சு அப்படி வலித்தது. இதற்குப் போய் வலிக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

போன் அடித்தது. தலைமையாசிரியை.

"என்ன சார், வீட்ல எப்படி? போறீங்கதானே?"

"இல்லை மேடம். ராத்திரி பூரா என்னைத் தேடியிருக்கா. ஒரே அழுகையாம். நான் இல்லாம முடியாது மேடம். சின்ன சாரையே அனுப்பிருங்க."

போனை வைத்தபோது மைத்துனி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் மாமா? அக்கா நல்லாத்தானே…"

"தேடியிருப்பா" என்றார் அவர், சுள்ளென்று. "நீ நல்லாத் தூங்கியிருப்ப. உனக்குக் கேட்டிருக்காது."

அவள் ராத்திரி முழுக்கக் கண்ணை மூடவே இல்லை. அதைச் சொல்ல வாயெடுத்தவள், அவருடைய முகத்தைப் பார்த்தாள். மேசையைத் துடைக்கிற சாக்கில் மெதுவாகத் திரும்பிக்கொண்டாள்.

"ஆமா மாமா, இருக்கும். இப்ப சொல்றப்பதான் ஞாபகம் வருது. விடியறப்போ ஒரு தடவை கூப்பிட்ட மாதிரிதான் இருந்துச்சு."

பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. குரலே காட்டிக்கொடுத்தது. அவருக்கும் அது தெரியாமல் இல்லை. நாற்காலியை இழுத்து மனைவிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"எப்படிக் கூப்பிட்டா?" என்று கேட்டார்.