மூன்றாம் வரிசை இல்லாத அரங்கம்

அலுவலகத்தில் அவளுக்குப் பிராக்கெட் அக்கா என்று பெயர். வீட்டில் துவைத்த துணி, துவைக்காத துணி, கரண்ட் பில் எல்லாம் ஒரே நாற்காலியில் கிடக்கும். பிஎச்பி என்னும் கணினி மொழியில் நிரல் எழுத உட்கார்ந்தாலோ, ஓர் அடைப்புக்குறி ஓரிடம் தள்ளி நின்றாலும் அக்காவுக்குச் சோறு இறங்காது.

தம்பியின் முதல் நாடகத்துக்கு டிக்கெட் விற்கும் நிரலை அவள்தான் எழுதினாள். அதில் அரங்கம் ஒரு பட்டியல். அதற்குள் வரிசைகள், வரிசைக்குள் இருக்கைகள். இதை ஜேசான் என்னும் எழுத்து வடிவத்துக்கு மாற்றி அனுப்பினால், எதிர்மேசை டிசைனர் செய்த இணையப் பக்கம் அதைப் படித்து நாற்காலிகளை வரையும். பதினோரு மணிக்கு விற்பனை. பன்னிரண்டுக்குள் முப்பது டிக்கெட் போகாவிட்டால், அரங்கத்தை ஒரு மேஜிக்காரருக்குக் கொடுத்துவிடுவதாக உரிமையாளர் சொல்லியிருந்தார்.

பத்தே முக்காலுக்குத் தம்பி போன் செய்தான். "அக்கா, மூணாவது வரிசைல லைட் நிக்கப்போகுது. அத எடுத்துடேன்."

"இவ்வளவுதானா?" என்று எடுத்துவிட்டு டீ குடிக்கப் போனாள்.

பதினொன்று ஐந்துக்கு மறுபடி போன். "அக்கா, மேடை மட்டும்தான் தெரியுது. ஒரு நாற்காலி இல்ல. ஒருத்தர் 'நின்னுக்கிட்டே பாக்கணுமா தம்பி'ன்னு கேக்கறாரு!"

அக்கா டிசைனர்மேல் பாய்ந்தாள். "உன் பக்கம்தான் படுத்துடுச்சு!"

"நீங்க என்ன அனுப்பறீங்கன்னு ஒரு தடவ பாருங்களேன், தாயே."

கால் மணி நேரம் சண்டை போட்டுவிட்டுப் பார்த்தாள். அரங்கத்தைச் சுற்றிச் சதுர அடைப்புக்குறி இருக்க வேண்டிய இடத்தில் நெளிந்த அடைப்புக்குறி இளித்துக்கொண்டிருந்தது. மூன்றாம் வரிசையை உருவியதும், வரிசைகளுக்குப் பிஎச்பி போட்டிருந்த எண்களில் ஓர் ஓட்டை. ஓட்டை விழுந்தால் அது பட்டியலே இல்லை, பெயர்ச்சீட்டு ஒட்டிய மூட்டை என்று பிஎச்பி முடிவுகட்டி, நெளிந்த அடைப்புக்குறி போட்டுவிடும். பக்கமோ பட்டியலைத்தான் தேடும்; மூட்டையைக் கண்டால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்கும்.

"அடைப்புக்குறியா?" டிசைனர் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினார். "அதுவும் உங்களுக்கா?"

"வாய மூடு."

ஒரே வரி. மிச்ச வரிசைகளுக்கு முதலிலிருந்து எண் போட்டுவிட்டு, பிறகு ஜேசானாக மாற்றும்படி நிரலில் எழுதினாள். ஐந்து வரிசைகளும் திரையில் பொலபொலவென்று வந்து உட்கார்ந்தன. விற்க விற்கப் பச்சை நாற்காலிகள் சிவப்பாயின: நான்கு, ஒன்பது, பதினேழு. டிசைனர் ஏலக்காரர்போல் கூவினார். கணக்குப் பிரிவு அம்மாள் விஷயம் தெரியாமலே கைதட்டினார். பதினொன்று ஐம்பதுக்கு அக்கா மேசையில் தாளம் போட்டபடி தம்பியை அழைத்தாள்.

"முப்பத்தொண்ணுடா! அரங்கம் உனக்குத்தான்!"

மறுமுனையில் காகிதங்கள் புரளும் சத்தம் கேட்டது.

"அக்கா, அப்போ நாடகத்த நிஜமாவே போடணுமா? நான் இன்னும் கடைசி சீனே எழுதலக்கா."