டி டிரைவில் இருந்த முகங்கள்

போன வாரம் என் மடிக்கணினி ஓர் அறிவிப்பைக் காட்டியது. இனி உங்கள் இயங்குதளத்துக்குப் பாதுகாப்பு கிடையாது. புதியதற்கு மாறலாம், ஆனால் உங்கள் கணினிக்கு அந்தத் தகுதி இல்லை. நாற்பதைத் தாண்டிய ஒருவனிடம் இப்படியெல்லாம் டாக்டர்தான் பேசுவார் என்று நினைத்திருந்தேன். சரி, லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளம் ஒன்றைப் போட்டுக்கொள்வோம் என்று பென் டிரைவைச் செருகினேன். அது மொழியைக் கேட்டது, ஊரைக் கேட்டது, பிறகு சம்பந்தி வீட்டார் மாதிரி மரியாதையாக, "வட்டு முழுவதையும் அழித்துவிட்டு நிறுவலாமா?" என்றது. உள்ளே விசிறி வேகம் பிடித்து, சூடேறிய தூசியின் வாசம் வந்தது. சட்டென்று கையை எடுத்துவிட்டேன்.

அந்த வாசம் அரூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த அன்வர் பாயின் ஸ்டூடியோவுக்குச் சொந்தமானது. கூடவே லேமினேஷன் தாள் வேகும் நாற்றமும், பக்கத்து மண்டியின் புளி வாசமும் இருக்கும். பட்டம் வாங்கிய கையோடு அங்கேதான் வேலைக்குச் சேர்ந்தேன். பாய் என்னை 'டிகிரி' என்றே கூப்பிடுவார். திரையில் வரும் இங்கிலீஷை உரக்கப் படித்துச் சொல்ல அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. படிப்பதுதான் வேலை. புரிந்துகொள்வது அதில் சேர்த்தியில்லை என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

சுற்றுவட்டாரத்தில் படம் எடுத்துக்கொண்ட எல்லோருடைய முகமும், பெயரும் ஊரும் போட்டு, எங்கள் டி டிரைவில் இருந்தது. அந்தக் காலத்து டி டிரைவ் நம்பிக்கை உங்களுக்கு நினைவிருக்கும். ஒரே ஹார்ட் டிஸ்க் வட்டைத்தான் சி, டி என்று இரண்டு பாகமாகப் பிரித்திருப்பார்கள். சி டிரைவ் என்பது வாசல். வைரஸ் வரும், மெக்கானிக் வந்து துடைத்துவிட்டுப் போவார். டி டிரைவ் சாமி அறை. "டி-ல போட்டு வச்சிருங்க, எத்தனை தடவை ஃபார்மேட் அடிச்சாலும் போவாது" என்று தருமபுரியிலிருந்து காரிமங்கலம் வரை எல்லா மெக்கானிக்கும் சொன்னார்கள். அது பொய்யானதே இல்லை. வினையே அதுதான்.

அப்போது ஒரு வதந்தி கிளம்பியது. காசு கொடுக்காத சாஃப்ட்வேர் வைத்திருக்கும் கடைகளில் ரெய்டு நடக்கிறது, சேலத்தில் முடித்துவிட்டார்கள், அடுத்து இந்தப் பக்கம்தான். எங்கள் கணினித் திரை வேறு ஒரு நாள் கறுத்துப்போய், இது அசல் பிரதியல்ல என்று மூலையில் எழுதிக் காட்டியது. பாய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். எதிர்க்கடையில் கைப்பையோடு எவர் டீ குடித்தாலும் கணினி மேல் துணியைப் போட்டு மூடுவோம். "காசில்லாமயே சட்டப்படி ஒன்னு கெடைக்குதாமேடா, அதைப் போட்டுரலாம்" என்றார் பாய்.

கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த குறுந்தகடுகளில் மூன்று விதமான லினக்ஸ் இருந்தன. நிறுவாமலேயே ஓட்டிப் பார்க்கலாம் என்பதுதான் அதில் விசேஷம். கை நனைக்காமல் பெண் பார்த்துவிட்டு வருவது மாதிரி. ஒன்று நீலம், ஒன்று பச்சை, ஒன்று கேழ்வரகுக் களி நிறம். களி பழகிய பண்டம் என்பதால் அதையே தேர்ந்தெடுத்தேன். என் தொழில்நுட்ப ஆராய்ச்சி அவ்வளவுதான்.

மாற்றுவதற்கு முந்தின நாள் தீர்த்தமலைப் பக்கத்திலிருந்து மாதம்மாள் வந்தார். ஒரே மகன் மாதேஷ் போர்வெல் வண்டியில் வடக்கே போனவன். பொங்கலுக்கு வரவேண்டியவன் வரவில்லை. பாதி வழியில் இறங்கிவிட்டான் என்று வண்டிக்காரர் கைவிரித்துவிட்டார். போலீஸ் ஸ்டேஷனில் போட்டோ கேட்டார்கள். பாய் எடுத்த படம் ஒன்றுதான். அதன் பிரதிகளும் அவனோடு போய்விட்டன.

"டி-ல பத்திரமா இருக்குதுங்க ஆத்தா. நாளைக்கு மிஷினை மாத்தறோம், புதுசுல பளிச்சுனு பெருசா போட்டுத் தரேன்" என்றார் பாய்.

மறுநாள், வாடிக்கையாளர்களின் பழக்கம் தொற்றிக்கொண்டதில், பாய் ராகு காலம் கழியட்டும் என்று காத்திருந்தார். மாதம்மாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கணினி இரண்டு வழிகளைக் காட்டியது: முழு வட்டையும் எடுத்துக்கொள்வது, அல்லது நாமே பாகம் பிரித்துக் கொடுப்பது.

"பாகம் பிரிக்கற பேச்சே வேணாம். அதுலதான் எங்கண்ணன் இன்னும் என்கூட பேசறதில்ல. மொத வழியையே தட்டு."

"எல்லாத்தையும் அழிக்கும்னு போட்டிருக்குதுங்க பாய்."

"எல்லாம்னா சி-தாண்டா டிகிரி. டி தனி. அது எப்படிப் போவும்?"

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. பாய் பிஸ்மி சொல்லி அவரே தட்டினார்.

புது இயங்குதளம் அழகாக எழுந்தது. எங்கள் கணினி அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை. அந்த வேகம்தான் எனக்கு முதலில் பயத்தைக் கொடுத்தது. பாய் ஒவ்வொன்றாகத் திறந்தார். எல்லாம் காலி. சி இல்லை, டி இல்லை. அப்படிப் பெயர்கள் உண்டு என்பதே அதற்குத் தெரியவில்லை. மாதம்மாள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"பெருக்கி வச்ச வூடாட்டம் இருக்குதே பாய். எம்பையன் எங்க?"

அழிந்ததைத் தோண்டியெடுக்கும் நிரலும் இலவசமாகவே கிடைத்தது. அது முகங்களை வெளியே எடுத்தது. ஆனால் பெயரும் ஊரும் போய்விட்டன, எல்லாம் வெறும் எண்கள். மாதம்மாள் தினமும் பஸ் ஏறி வந்து, பாய் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். "இவன் செத்துட்டான். இவ எவங்கூடவோ போயிட்டா. இவன் எங்க பங்காளி, இன்னும் கொஞ்ச நாள்தான் இருப்பான்." அந்தக் குரலில் துக்கம் இல்லை. திரையைப் பார்க்கப் பயந்து, நான் சும்மாவே லேமினேஷன் மிஷினைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

கடைசியில் மாதேஷ் வந்தான். நெற்றியும் கண்களும் இருந்தன. மூக்குக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

"வேற ஒருத்தர் வாயும் தாடையும் எடுத்து ஒட்டிரட்டுங்களா ஆத்தா?" என்றார் பாய்.

"ஊரான் வாயை வச்சா அவன் என்னைய எப்படிக் கூப்புடுவான்?"

"அது இன்னும் ஏறிட்டு இருக்குதுங்க. மெதுவாத்தான் வரும்" என்று பாய் சொல்லிவிட்டார். அந்தக் காலத்தில் இணையத்தில் படங்கள் மேலிருந்து கீழாக அப்படித்தான் வரும், நம்பக்கூடிய பொய். பாதி முகத்தை அச்சிட்டு ஸ்டேஷனில் கொடுத்தோம். அவர்கள் சிரிக்கவில்லை என்பதே எங்களுக்கு ஆறுதல்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சந்தைக்கும் மாதம்மாள் வந்தார். பையைக் கீழே வைத்துவிட்டு, "தாடை வந்துருச்சான்னு பாரு பாய்" என்பார். பாய் திறந்து காட்டுவார். "இன்னும் இல்லீங்க ஆத்தா." ஒரு தடவை அவர் திரைக்கு வெகு அருகில் குனிந்து, "போன வாரத்துக்கு இப்ப கொஞ்சம் எறங்கியிருக்குது" என்றார். நானும் குனிந்து பார்த்தேன். சத்தியமாக எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. மறுமாதம் வேலையை விட்டு நின்றேன்.

ரெய்டு வரவேயில்லை. மாதேஷும் வரவில்லை. ஸ்டூடியோ இருந்த இடத்தில் இன்று செல்போன் கடை. பாய் காலமாகிவிட்டார். அந்தக் கணினியைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டதாக அவர் மருமகன் சொன்னார். போடுமுன் எவரும் திறந்து பார்க்கவில்லையாம். மாதம்மாளைப் பற்றிக் கேட்டேன். அப்படி ஒருவரை அவருக்குத் தெரியவில்லை.

என் மடிக்கணினி இன்னும் அதே கேள்வியில் நிற்கிறது. எல்லாவற்றையும் பிரதி எடுத்துவிட்டேன், சரிபார்த்தும் விட்டேன். ஆனாலும் அந்தப் பொத்தானின் சாம்பல் நிறத்தைப் பார்க்கும்போதெல்லாம், அதற்கு மேலே இரண்டு கண்கள் இருக்க வேண்டுமே என்று தோன்றுகிறது.